வண்டி கனக்கிறது

ஓடில் திபொடோ ஓடமாட்டாள்.
வானத்தில் மழை திரளும் முன்னே
அவள் இடது முழங்காலில் திரண்டுவிடும்.
ஆனால் ஓடுகிறவர்களைப் பிடிப்பதுதான் பிழைப்பு.
நீதிமன்றத் தேதியை மறந்தவன்,
மறந்ததாக நடித்தவன்,
மாமியார் வீட்டுக் கட்டிலடியில்
மூன்று நாள் இருமலை அடக்கிக் கிடந்தவன்,
எல்லாரையும் நடந்தே பிடித்திருக்கிறாள்.

லூசியானாவில், லஃபாயெத் நகரத்தில்,
ஜாமீன் பணம் கட்டும் கடையொன்றில்
கணக்கெழுதுகிறவன் நான்.
பிடித்து வந்தால் பத்தில் ஒன்று அவளுக்கு.
இம்முறை க்ளோவிஸ் குயித்ரி.
ஜாமீன் எட்டாயிரம் டாலர்.
திருடியது நாற்பது மூட்டை சேற்றிறால், உயிரோடு.
நேரில் பார்த்த சாட்சி யாருமில்லை.
தடயம் மட்டும் இருந்தது:
அந்த வாரம் ஊர் முழுக்க ஏப்பம்.

ஓடிலின் வண்டி முன்பு ஒரு பூக்கடையில் இருந்தது.
பக்கவாட்டில் வெள்ளை லில்லிகளுக்கு நடுவே
"உங்கள் துயரத்தில் நாங்களும்"
என்ற எழுத்து இன்னும் இருக்கிறது.
அழிக்க இருநூறு கேட்டார்கள். விட்டுவிட்டாள்.
சாவுக்குப் பூக் கொண்டுவருகிறவளுக்கு
யாரும் கதவடைப்பதில்லை,
பாதி வேலை அதிலேயே முடிந்தது என்பாள்.
பின்பக்கம் காய்ந்த மலர்வளையங்கள்
கூரைவரை கிடந்தன.
அதை அள்ளிப்போட முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

பதினொரு நாள் தேடினாள்.
முன்னாள் மனைவி எர்மினின் சலவைக் கடையில்,
"கிடைத்தால் சொல்,
என் தையல் மெஷின் அவனிடம்தான்" என்றாள் எர்மின்.
அக்கார்டியன் வாசிக்கும் சனிக்கிழமை நடனக் கூடத்தில்,
ஆடத் தெரியாத இருவர்
அவளைத்தான் ஆட அழைத்தார்கள்.
சதுப்புநிலப் படகுத்துறையில்
வாயைத் திறந்தது ஒரு முதலை மட்டும்,
அதுவும் சாட்சி சொல்ல அல்ல.

இதற்கிடையே இன்னொரு மர்மம்.
இருக்கைக்கு அடியில் வைத்த
வெண்டைக்காய் ஊறுகாய் ஜாடி
இரவுக்கு இரவு இறங்கியது.
செய்தி வைத்துவிட்டு இறங்கினால்
திரும்பி வரும்போது வானொலியில் வால்ட்ஸ்.
பூக்கடைக்காரரின் ஆவி என்று முடிவுகட்டினாள்.
ஆவி ஊறுகாய் தின்னுமா?
காரமில்லாத சொர்க்கத்திலிருந்து வந்திருந்தால்
தின்னும், ஏன் தின்னாது.

பெட்ரோல் கணக்கில் பதினேழு டாலர் உதைத்தது.
"வண்டி கனக்கிறது, ஓடில்" என்றேன்.
"நானா?" என்றாள்.
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள்,
சிவப்பு விளக்கில் நின்றபடி,
"எங்கேதான் தொலைந்தான் இந்தக் க்ளோவிஸ்?"
என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு
இடப்பக்கம் ஒடிக்கப் போனாள்.
"அந்தப் பக்கம் வேண்டாம்,
பாலத்தில் வேலை நடக்கிறது"
என்றது மலர்வளையக் குவியல்.

வலப்பக்கம் திரும்பிய பிறகுதான்
யோசிக்கவே தொடங்கினாள்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு
நெய்க்கு அலைந்தவர்கள் உண்டு.
வெண்ணெயே வழி சொல்லியது இவளுக்குத்தான்.

தலையில் சருகோடு எழுந்து உட்கார்ந்தான்.
"நீ தேடாத இடம்
ஊரில் இது ஒன்றுதானே" என்றான்.
பிறகு, கொஞ்சம் தயங்கி,
"உன் அக்காவிடம் நீ மன்னிப்புக் கேட்டிருக்கக் கூடாது.
தப்பு அவள் மேல்தான்."
வண்டியோட்டும்போது தனியாகப் பேசுவது
அவள் வழக்கம்.
பன்னிரண்டு நாளாக அது தனிமையாக இருக்கவில்லை.

சிறைவாசலில் இறங்கும்போது
கைவிலங்கை அவனே நீட்டினானாம்.
அவள் தேடியபோது
அது மலர்வளையங்களுக்கு அடியில் கிடந்தது.
எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான்.

மாலையில் என் மேசைக்கு வந்தாள்.
பேரேட்டில் ஒரு கட்டம் உண்டு:
எப்படிப் பிடிபட்டான்?
"நீண்ட துரத்தலுக்குப் பின் என்று எழுது."
"எவ்வளவு நீளம்?"
மைல்மானியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்:
அறுநூற்று நாற்பது மைல்.
பொய்யில்லை. அப்படியே எழுதினேன்.
இடைவெளி நாலடி என்பதற்குக் கட்டம் கிடையாது.

பெட்ரோல் பதினேழு டாலரை
அவன் பேரில் பற்று வைக்கச் சொன்னாள்.
"ஊறுகாய்?"
கதவுவரை போய் நின்றாள்,
முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.
"அதை எழுதாதே."